அஞ்சும் எண்ணமும் அணைத்துக்கொள்ளும் எண்ணமும்

தம் பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 41. விசுவாசக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். திருமணமாகி இரண்டு பிள்ளைகள். பல ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். சென்ற ஆண்டு ஒரு திருவிருந்து ஆராதனையில், அப்பத்தைக் கையில் வாங்கிய அந்தக் கணத்தில், ஆண்டவரைக் குறித்து வாயால் சொல்லக் கூசும் ஒரு சொல் அவர் மனதில் எழுந்தது. அன்றிலிருந்து வேதத்தைத் திறந்தாலும், கண்மூடி ஜெபித்தாலும், ஆலயத்தில் பாடல் தொடங்கினாலும் அதே சொல்லோ அதைவிட மோசமான இன்னொன்றோ வந்து நிற்கிறது. வந்தவுடன் ‘ஆண்டவரே, மன்னியும்’ என்று ஏழு முறை சொல்கிறார். இடையில் யாராவது கூப்பிட்டாலோ, சொல்லும்போது மனம் ஒன்றவில்லை என்று தோன்றினாலோ மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். காலை ஜெபத்துக்கு இப்போது ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி இப்படி மன்னிப்புக் கேட்பதிலேயே கழிகிறது.

‘அவன் இருதயத்தின் நினைவு எப்படியோ, அப்படியே அவன் இருக்கிறான்’ என்ற நீதிமொழிகள் 23:7ஐ ஒரு பிரசங்கத்தில் கேட்ட பிறகு, தம் இருதயமே தேவதூஷணம் நிறைந்தது என்ற முடிவுக்கு வந்துவிட்டார். ஓய்வுநாள் பள்ளியிலிருந்து விலகினார். ஐந்து மாதங்களாகத் திருவிருந்தில் பங்குகொள்ளவில்லை. போதகரின் ஆலோசனைப்படி உபவாசித்தும் பார்த்தார். எண்ணங்கள் கூடினவே தவிரக் குறையவில்லை. மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்று கேட்டபோது, சபையில் மூத்த ஒருவர், மாத்திரை எடுப்பது அவிசுவாசம் என்று சொல்லிவிட்டார். அவர் என்னிடம் கேட்கும் கேள்விகள் மூன்று: என் எண்ணங்கள்தான் என் இருதயமா? மன்னிக்கப்படாத பாவத்தை நான் செய்துவிட்டேனா? மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவா?

கடிதத்தின் முடிவில், வேறேதோ விஷயம் சொல்வதுபோல, தம் அக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். அதைக் குறித்து அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அதைப் பற்றி நான் எழுதாமல் இருக்க முடியாது.

அன்புள்ள சகோதரி,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றைக் கேட்கவேண்டும். ‘இப்படி உயிரோடு இருந்து என்ன பயன் என்று சில நாட்களில் தோன்றுகிறது’ என்று ஓரிடத்தில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள். அந்த வரியை நான் கடந்துபோக விரும்பவில்லை. அந்த எண்ணம் அடிக்கடி வருகிறதென்றால், அல்லது எப்படிச் செய்வது என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறதென்றால், இந்தப் பதிலை வாசித்து முடிக்கும்வரைகூடக் காத்திராமல் உங்கள் கணவரிடமோ நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். அவரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. எலியா தீர்க்கதரிசியே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தன் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்படி கர்த்தரிடம் கேட்டவர்.

வேதம் சொல்லும் இருதயம்

‘எண்ணம்போல் வாழ்வு’ என்று நம்மிடையே ஒரு வழக்கு உண்டு. அந்த வழக்கையும் நீதிமொழிகள் 23:7ஐயும் ஒன்றாகக் கலந்து, ‘என் மனதில் எது வருகிறதோ அதுவே நான்’ என்று நீங்கள் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த வசனத்துக்கு முந்தின வசனத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே பேசப்படுகிறவன் வன்கண்ணன். விருந்துக்கு அழைத்து, ‘புசியும், பானம்பண்ணும்’ என்று வாயால் உபசரிக்கிறான். உள்ளுக்குள்ளோ ஒவ்வொரு கவளத்தையும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய முகமலர்ச்சியை நம்பாதே, அவன் உள்ளே தீர்மானித்து வைத்திருப்பதே அவன் என்பதுதான் அங்கே சொல்லப்படும் எச்சரிக்கை. அது ஒருவன் விரும்பி வைத்திருக்கும் உள்நோக்கத்தைப் பற்றிய பேச்சு. அழையாமல் வந்து, வந்தவுடன் உங்களை நடுங்கவைத்துவிட்டுப் போகும் ஒரு சொல்லுக்கு அந்த வசனத்தைப் பொருத்துவது, வசனத்துக்கும் உங்களுக்கும் செய்யும் அநியாயம்.

இருதயம் என்றவுடன் நாம் உணர்ச்சிகளை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். வேதத்தில் இருதயம் என்பது அதைவிட விரிந்தது: மனிதன் சிந்திக்கிற, நினைவில் வைக்கிற, விரும்புகிற, தீர்மானிக்கிற இடம் அது. மேய்ப்பர்கள் சொன்னவற்றைக் கேட்ட மரியாள், ‘அந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்து, சிந்தனைபண்ணினாள்’ என்று லூக்கா எழுதுகிறார். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். மரியாளோ அதை எடுத்து உள்ளே வைத்து, திரும்பத் திரும்ப யோசித்தாள். எண்ணம் இருதயத்தை உருவாக்குவது இப்படித்தான் நடக்கிறது என்பது என் உறுதியான புரிதல். எடுத்து வைத்துக்கொள்வதும், திரும்பிப் போய்ப் பார்ப்பதும், அதோடு தங்குவதும்தான் இருதயத்துக்கு உருவம் கொடுக்கின்றன.

‘இருதயத்திற்குள்ளிருந்து பொல்லாத சிந்தனைகள் புறப்பட்டுவரும் என்று ஆண்டவரே மாற்கு 7இல் சொல்லியிருக்கிறாரே’ என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், நம் எல்லோருடைய இருதயமும் விழுந்துபோன மனிதனின் இருதயம்தான். ஆனால் அந்தப் பட்டியலைத் தொடர்ந்து வாசித்தால் களவு, பொருளாசை, கபடு, வன்கண், பெருமை என்று, மனிதன் விரும்பி வளர்த்துச் செயலாக்குகிறவைகளே வரிசையாக வருகின்றன. இச்சையோடு பார்க்கிறவன் இருதயத்தில் விபசாரஞ்செய்தாயிற்று என்று மலைப்பிரசங்கத்தில் சொல்லும்போதும், தற்செயலாகக் கண்ணில் பட்டதை அல்ல, அந்த நோக்கத்தோடு பார்ப்பதையே அவர் குறிப்பிடுகிறார். உள்ளே நடப்பதை ஆண்டவர் மிகத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறார். ‘எண்ணம்தானே, செயலில்லையே’ என்று தள்ளிவிடும் வசதியை அவர் நமக்குத் தரவில்லை. அதே சமயம், எண்ணம் தோன்றிய கணத்திலேயே ஒருவரைக் குற்றவாளியாக்குகிறவரும் அவர் அல்ல.

வருவதும் தங்குவதும்

இந்த வேறுபாடு நான் கண்டுபிடித்ததல்ல. திருச்சபை மிகப் பழைய காலத்திலேயே கவனமாக எடுத்துரைத்தது. எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்து 399இல் மறைந்த எவாகிரியஸ் என்ற துறவி, எண்ணங்கள் நம்மைத் தொந்தரவு செய்வதும் செய்யாதிருப்பதும் நம் கையில் இல்லை, அவை நம்மிடம் தங்குவதும் தங்காதிருப்பதுமே நம் கையில் இருக்கிறது என்று போதித்தார். 7ஆம் நூற்றாண்டில் சீனாய் மலை மடத்தின் தலைவராயிருந்த யோவான் கிளிமாக்கஸ் இதைப் படிப்படியாகப் பிரித்தார்: முதலில் எண்ணம் வந்து மோதுகிறது, பின்பு மனம் அதோடு பேச்சுக் கொடுக்கிறது, அடுத்து சம்மதிக்கிறது, பின்னர் அதற்குச் சிறையாகிறது, இறுதியில் அது வேரூன்றிய இயல்பாகிறது. வந்து மோதுவதில் பாவம் இல்லை என்று அவர் தெளிவாகச் சொன்னார். யாக்கோபு நிருபத்திலும், இச்சையானது ‘கர்ப்பந்தரித்து’ பாவத்தைப் பிறப்பிக்கும் என்று வாசிக்கிறோம். இடையில் ஒரு காலம் இருக்கிறது, வளர்க்கப்படுதல் இருக்கிறது.

இதைவிடப் பெரிய சாட்சி ஆண்டவருடைய வனாந்தரச் சோதனை. தன்னை விழுந்து பணியவேண்டும் என்ற பிசாசின் யோசனை ஆண்டவர் காதில் விழுந்தது. அதைவிடக் கொடிய தேவதூஷணமான யோசனை ஒன்று இருக்க முடியுமா? ஆயினும் எபிரெயர் நிருபம் அவரை, ‘எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற’ பிரதான ஆசாரியர் என்று சொல்கிறது. கேட்க நேர்ந்ததால் அவர் அசுத்தப்படவில்லை.

இந்தப் பாதையில் நீங்கள் தனியாகவும் நடக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் பனியன், ஊழியத்துக்கு வருவதற்கு முன் ஏறக்குறைய ஓராண்டு காலம், ‘கிறிஸ்துவை விற்றுவிடு’ என்ற ஓர் எண்ணத்தால் ஓயாமல் துரத்தப்பட்டார். சாப்பிட உட்கார்ந்தாலும், கீழே கிடக்கும் குண்டூசியை எடுக்கக் குனிந்தாலும், விறகு பிளந்தாலும் அது வரும். ‘விற்கமாட்டேன், விற்கமாட்டேன்’ என்று மூச்சு வாங்க அவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பதில் அவரை விடுவிக்கவில்லை, களைப்படையத்தான் செய்தது. நீங்கள் ஏழு முறை சொல்லும் மன்னிப்பும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

மன்னிக்கப்படாத பாவம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மத்தேயு 12இன் சூழலே பதிலைத் தருகிறது. குருடும் ஊமையுமான ஒருவன் கண்ணெதிரே சுகமாவதைப் பார்த்த பரிசேயர்கள், அது நன்மை என்று தெரிந்திருந்தும், பெயெல்செபூலின் கிரியை என்று மனமறிந்து அறிவித்தார்கள். வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருள் என்று பெயரிட்ட அந்தக் கடின இருதயத்துக்கு முன்பாகவே ஆண்டவர் அந்த எச்சரிப்பைச் சொன்னார். தன்னை மீறி வந்த ஒரு சொல்லுக்காக ஐந்து மாதங்களாக அழுதுகொண்டிருக்கும் ஒருவரிடம் அவர் அதைச் சொல்லவில்லை. ‘நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்’ என்று யோவான் எழுதியது உங்கள் நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பது உங்கள் இருதயம். நியாயாசனத்தில் இருப்பவர் வேறொருவர்.

ஜெபம் சடங்காகும்போது

இந்த இடத்தில் ஆலோசகர் என்ற முறையில் பேசவேண்டியிருக்கிறது. கடிதத்தை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. எனினும் நீங்கள் விவரித்திருக்கும் முறை (விரும்பாத எண்ணம், கடும் பதற்றம், அதைத் தணிக்கக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் செய்யும் ஒரு செயல், தடைபட்டால் மறுபடி முதலிலிருந்து) ஓசிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எண்ணச் சுழற்சி நோயின் வடிவத்தை மிகவும் ஒத்திருக்கிறது. கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவதாக மட்டுமே அந்த நோய் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பக்தியுள்ளவர்களிடம் அது பக்தியின் உருவத்திலேயே வரும்; எது ஒருவருக்கு மிகவும் அருமையானதோ அதையே அது பிடித்துக்கொள்ளும். பிள்ளையை உயிராக நேசிக்கும் தாய்க்கு, பிள்ளைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்ற எண்ணமாக வரும். ஆண்டவரை நேசிக்கும் உங்களுக்கு இந்த உருவத்தில் வந்திருக்கிறது.

விரும்பாத எண்ணங்கள் நோயாளிகளுக்கு மட்டும் வருபவை அல்ல. ராக்மன், டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் வெளியிட்ட ஆய்வு, எந்த மனநோயும் இல்லாதவர்களில் மிகப் பெரும்பான்மையினருக்கும் இதேபோன்ற அருவருப்பான எண்ணங்கள் வந்துபோகின்றன என்று காட்டியது. மற்றவர்கள் அதை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை, அது கடந்துபோய்விடுகிறது. நீங்கள் அதை உங்கள் ஆத்துமாவைக் குறித்த செய்தியாக வாசிக்கிறீர்கள். ஆகவே மனம் அதைக் காவல்காக்கத் தொடங்குகிறது, காவல்காப்பதாலேயே அது திரும்ப வருகிறது. 1987இல் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் குழுவினர், ஒரு வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கும்படி சிலரிடம் சொல்லி, நினைவு வந்தால் மணியடிக்கச் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்பு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலில் அடக்கிவைத்தவர்களுக்கே அது அதிகமாக வந்தது. உபவாச நாட்களில் உங்களுக்கு எண்ணங்கள் கூடியதில் வியப்பில்லை. அந்த நாட்களின் ஒரே நோக்கம் அந்த எண்ணம் வருகிறதா என்று பார்ப்பதாக இருந்தது. பசியும் தூக்கக்குறைவும் அதனுடன் சேர்ந்துகொண்டன. போதகர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். இந்த நோய்க்கு அது ஏற்ற வழி அல்ல.

அப்படியானால் என்ன செய்வது? அந்தச் சொல் வரும்போது அதோடு வாதாட வேண்டாம், அதை ஆராய வேண்டாம், அதற்காக மன்னிப்பும் கேட்க வேண்டாம். வாசித்துக்கொண்டிருந்த வசனத்தை அப்படியே தொடருங்கள். பதற்றம் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். சிறிது சிறிதாக அது தானே இறங்கும். ‘மன்னிப்புக் கேட்காமல் இருப்பது துணிகரம் ஆகாதா’ என்று உங்கள் மனம் உடனே கேட்கும். 1522இல் ஸ்பெயினின் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனார். பழையவற்றை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்தபோதுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது. ஏழு முறையை ஒரே நாளில் விட முடியாவிட்டால் ஆறாக்குங்கள், தடைபட்டாலும் முதலிலிருந்து தொடங்காதீர்கள். இந்தப் பயிற்சியை அனுபவமுள்ள ஒரு சிகிச்சையாளரின் துணையோடு செய்வது மிகவும் நல்லது. இந்த நோய்க்கென்றே வகுக்கப்பட்ட முறை அது. இன்னொன்று: மனம் கலங்கும்போதெல்லாம் இந்தப் பதிலை எடுத்து வாசித்து நிம்மதி தேடாதீர்கள். அதுவும் எட்டாவது முறையாகச் சொல்லும் மன்னிப்பாக மாறிவிடும்.

‘எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்துகிறவர்களாயிருக்கிறோம்’ என்ற 2 கொரிந்தியர் 10:5ஐ மேற்கோள் காட்டி, ஒவ்வொரு எண்ணத்தையும் பிடித்து நிறுத்த வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பவுல் அங்கே, தேவனை அறிகிற அறிவுக்கு விரோதமாய் எழும்பும் தர்க்கங்களைப் பற்றிப் பேசுகிறார். கொரிந்து சபையைக் குழப்பிக்கொண்டிருந்த வாதங்களும் மேட்டிமையும் அவர் மனதில் இருந்தன. மனதில் மின்னி மறையும் ஒவ்வொன்றையும் விசாரிக்கும் காவல் வேலையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

மருந்தும் விசுவாசமும்

எலியாவைக் குறிப்பிட்டேன் அல்லவா? அவர் சாகவேண்டும் என்று கேட்டபோது கர்த்தர் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார், தூதனைக் கொண்டு அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் கொடுத்தார். ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்று சொல்லி அவருடைய சரீரத்தைத் தேற்றிய பிறகே ஓரேபில் அவரோடு பேசினார். பவுலோடு பயணம் செய்த லூக்கா ‘பிரியமான வைத்தியன்’ என்று அழைக்கப்பட்டார். தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குப் பவுல் சொன்ன கொஞ்சம் திராட்சரசமும் அக்காலத்து மருந்துதான். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கும் விசுவாசியை யாரும் குறை சொல்வதில்லை. மூளையும் கர்த்தர் படைத்த சரீரத்தின் ஓர் உறுப்பே. எண்ணச் சுழற்சி நோய்க்கு நல்ல பலன் தரும் மருந்துகள் இருக்கின்றன. அவை வேலை செய்யப் பல வாரங்கள் ஆகும். ஆகவே இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நிம்மதி வந்தவுடன் நீங்களாக நிறுத்தவும் கூடாது. மருத்துவர் மருந்து தேவையில்லை, பேச்சுவழிச் சிகிச்சை போதும் என்றும் சொல்லலாம். அதை அவர் தீர்மானிக்கட்டும்.

நீங்கள் கேட்காத கேள்வி

இப்போது உங்கள் அக்காவைப் பற்றிய பக்கத்துக்கு வருகிறேன்.

அம்மாவின் கடைசி இரண்டு ஆண்டுகளில் இரவு கண்விழித்தது நீங்கள். அக்கா ஓர் இரவுகூடத் தங்கவில்லை. அடக்க ஆராதனையன்று வந்தவர்களிடம், தாமே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதுபோல அக்கா பேசினார். இதை வாசிக்கும்போது எனக்கே வருத்தமாக இருந்தது. அது அநியாயம், அதை அநியாயம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அதற்குப் பிறகு நீங்கள் எழுதியிருப்பது இது: ‘வேலை செய்துகொண்டிருக்கும்போது அவளிடம் என்ன சொல்லவேண்டும் என்று மனதுக்குள் பேசிப் பார்ப்பேன். அவள் என்ன பதில் சொல்வாள், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று யோசிப்பேன். அது எனக்கு ஓர் ஆறுதல்.’

சகோதரி, உங்கள் கடிதத்தை நான் இருமுறை வாசித்தேன். நான்காம் பக்கத்தில், ‘அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டோம்’ என்று அக்கா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் அதே பேச்சு, ‘நான் மட்டும்தான் பார்த்தேன், இவள் எதுவும் செய்யவில்லை’ என்று மாறியிருக்கிறது. நீங்கள் பொய் எழுதினீர்கள் என்று நான் சொல்லவில்லை. மனதுக்குள் பலமுறை பேசப்பட்ட ஒரு பேச்சு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூர்மையாகி, இப்போது உங்களுக்கு நினைவாகவே ஆகிவிட்டது. அடுத்து இன்னொரு வரி: அக்கா மகள் தேர்வில் தவறிய செய்தியைக் கேட்டபோது, ‘உள்ளுக்குள் ஒரு நொடி நன்றாக இருந்தது, நான் அப்படிப்பட்டவள் அல்ல’ என்கிறீர்கள். அந்தப் பிள்ளையை நீங்கள் தூக்கி வளர்த்தவர் என்றும் அதே பத்தியில் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்களை நடுங்கவைக்கும் சொல் ஓராண்டாக வந்துகொண்டிருக்கிறது; அது உங்கள் இருதயத்தை ஆண்டவரிடமிருந்து ஓர் அங்குலம்கூட விலக்கவில்லை. அவருக்காக ஏங்கித்தான் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அக்காவோடு நடத்தும் இந்த உள்ளுரையாடலோ உங்களுக்கு அச்சம் தரவில்லை, இதமாக இருக்கிறது, நீங்களே நாடிப் போகிறீர்கள், தினமும் தங்குகிறீர்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஒரு பிள்ளையின் தோல்வியில் மகிழ முடியாத உங்கள் இருதயம், இன்று ஒரு நொடியாவது மகிழ முடிகிற இருதயமாக மாறியிருக்கிறது. கிளிமாக்கஸ் சொன்ன படிகளில் முதலாவதில் நிற்கும் எண்ணத்தைக் கண்டு நீங்கள் அலறுகிறீர்கள். வெகுதூரம் ஏறிவந்துவிட்ட எண்ணத்துக்கு ஆறுதல் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

உங்களைக் குற்றப்படுத்த இதைச் சொல்லவில்லை. இதற்காகவும் ஏழு முறை மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிடாதீர்கள். காயீனிடம் கர்த்தர் பேசியது ஆபேல் உயிரோடு இருந்தபோது. ‘உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று? உன் முகநாடி ஏன் வேறுபட்டது?’ என்று கேட்டார். பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது என்று எச்சரித்ததும் அன்பினால்தான். எரிச்சல் உள்ளே மட்டும் இருக்கும்போதே அவர் வந்து கேட்டார் என்பது எனக்கு எப்போதும் ஆறுதலான செய்தி.

இந்த எண்ணத்துக்கு மருந்து முன்னதற்கு நேர்மாறானது. அங்கே கண்டுகொள்ளாமல் விடவேண்டும். இங்கே கண்டுகொண்டு, எழுந்து விலகவேண்டும். அக்காவோடு பேச ஆரம்பிப்பதை உணர்ந்த உடனே, அந்த வாக்கியத்தை முடிக்காமல், கேட்பவரை மாற்றுங்கள்: அக்காவிடம் சொல்லவிருந்ததைக் கர்த்தரிடம் சொல்லுங்கள். ‘என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்’ என்று 55ஆம் சங்கீதக்காரன் தன் நெருங்கிய தோழனைப் பற்றி அழுததைப்போல, மெருகேற்றாமல் சொல்லுங்கள். மனதுக்குள் நடத்தும் பேச்சில் அக்காவுக்கான வசனத்தையும் நீங்களே எழுதுகிறீர்கள். ஜெபத்தில் அப்படி முடியாது, கேட்பவர் நடந்ததை அறிந்தவர். புலம்பல் புத்தகத்தை எழுதியவரும், ‘என் ஆத்துமா அவைகளை நினைத்து நினைத்து எனக்குள் முறிந்துபோகிறது’ என்று சொல்லிவிட்டு, உடனே, ‘இதை என் மனதிலே வைத்து, நம்பிக்கை கொண்டிருப்பேன்’ என்று கர்த்தருடைய கிருபையை எடுத்து வைக்கிறார். பட்ட துன்பத்தை அவர் மறுக்கவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்றைத் தாமாகவே கொண்டுவந்து வைக்கிறார். பிலிப்பியர் 4:8இல் ‘உண்மையுள்ளவைகளெவைகளோ’ என்று தொடங்கும் பட்டியலின் பயன் இங்கேதான். பயமுறுத்தும் எண்ணத்தை அடித்து விரட்டும் தடியாக அதை எடுத்தால் தோற்றுப்போவீர்கள். தினமும் மனம் எதோடு தங்கவேண்டும் என்பதற்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவைப் பற்றி உண்மையான, நற்கீர்த்தியுள்ள ஒன்றாவது உங்கள் நினைவில் இருக்கும். சிறுவயதில் அவர் உங்களுக்காகச் செய்த ஏதோ ஒன்று. அதையும் எடுத்து வையுங்கள்.

அக்காவிடம் நேரில் பேசலாமா என்பது தனிக் கேள்வி. மத்தேயு 18:15, இருவரும் தனித்திருக்கையில் குற்றத்தை உணர்த்தும்படி சொல்கிறது. அது உங்கள் உரிமை, கடமையும்கூட. ஆனால் இந்த மாதம் வேண்டாம். இப்போது போனால், ஓராண்டாக ஒத்திகை பார்த்த பேச்சைத்தான் பேசுவீர்கள். அக்காவும் நீங்கள் எழுதிவைத்த பதிலைச் சொல்லமாட்டார். முதலில், அன்று அவர் சொன்ன சொற்களை உங்கள் கணவரிடமோ உடனிருந்த வேறொருவரிடமோ கேட்டுச் சரிபாருங்கள். சிகிச்சை தொடங்கி மனம் சற்று நிதானமான பிறகு, ‘அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி நீங்கள் பேசியது எனக்கு வலித்தது, அக்கா’ என்று ஒரே வாக்கியத்தோடு தொடங்குங்கள். அவர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஏற்காவிட்டால் நீங்கள் மன்னிக்கலாம், ஆனால் பழைய நெருக்கம் உடனே திரும்பவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யோசேப்பு தன் சகோதரரிடம், ‘நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்’ என்பதை மறைக்காமல் சொல்லித்தான் அவர்களை ஆதரித்தான்.

திருவிருந்தைக் குறித்துக் கடைசியாக ஒன்று. வரும் திருவிருந்து ஆராதனையில் பங்குகொள்ளுங்கள் என்று சொல்கிறேன். அப்பத்தை வாங்கும்போது அந்தச் சொல் வரக்கூடும், பெரும்பாலும் வரும். வந்தாலும் கையை இழுத்துக்கொள்ளாமல் வாங்கிப் புசியுங்கள். போதகரிடம் முன்னதாக ஒருமுறை, ஒரே ஒருமுறை, உங்கள் நிலையைச் சொல்லிவிடுங்கள். மருத்துவரைப் பார்க்கப்போவதையும் சொல்லுங்கள். ஓய்வுநாள் பள்ளிக்குத் திரும்புவதற்கு அவசரமில்லை. சிகிச்சை சில வாரங்கள் நடந்தபின் போதகரோடு கலந்து முடிவு செய்யலாம். மருத்துவரிடம் போகும்போது எனக்கு எழுதியதில் முதல் மூன்று பக்கங்களை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். நேரில் சொல்ல நா கூசும் அந்தச் சொல்லை அவரிடம் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை. அது எத்தனை முறை வருகிறது, வந்தபின் நீங்கள் என்ன செய்கிறீர்கள், அதற்கு எவ்வளவு நேரம் போகிறது, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுவது எப்போது என்ற விவரங்களே அவருக்கு வேண்டியவை.